மெஷின் சத்தத்துக்குள் நீ சொன்னது

என் ஆசை மச்சாள் தவமணிக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருடம். தகனினியில் துளசியின் வீட்டில்தான் உன் ஆண்டுத் திவசம். ஐயருக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்கும் ஆள் பிடித்தாயிற்று. இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதும் உன் மகள் துளசிதான். சந்தோஷத்தோடு அவள் சொல்லவில்லை, நானும் சந்தோஷத்தோடு எழுதவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டி எழுத எனக்கு நேரம் எடுக்கும். ஆனால் ஞாபகம் எனக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? எந்தக் கலியாண வீட்டில் யார் என்னைக் காணாத மாதிரிப் போனார்கள், எந்தச் சூப்பர்வைசர் எங்கள் தேத்தண்ணி நேரத்தில் ஐந்து நிமிஷத்தை வெட்டினான், எல்லாம் எனக்குப் பாடம். அந்த ஞாபகம்தான் இப்போது என் காலை வாரிவிட்டிருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். திவசத்தன்று பக்கத்தில் இருந்து கேட்பவர்களுக்கு அது தெரியாது, பொறுத்துக்கொள்.

விரி என்ற இடத்தில் இருந்த அந்த லோண்டரியில் ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஹோட்டல் விரிப்புகளும் மலைமலையாக வந்து குவியும். மூன்றாம் நம்பர் மெஷினில் நீ இடப்பக்கம், நான் வலப்பக்கம். ஈர விரிப்பின் ஒரு மூலையை நீயும் மறு மூலையை நானும் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுப்போம். அது இழுத்து அழுத்தி, காய்ந்த துணியாக மற்றப் பக்கத்தால் துப்பும். நீராவியின் சீறலும் உருளையின் இரைச்சலும் சேர்ந்தால் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்தான் ஒரு சொல்லாவது கேட்கும்.

அதனால்தான் நாங்கள் எல்லாவற்றையும் அங்கே கதைத்தோம். வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். ஹென்டர்சனில் இருந்து எங்களை ஏற்றி வருகிற வானில் மற்றப் பெண்கள் இருப்பார்கள். மெஷினடியில் மட்டும் யார் பக்கத்தில் நின்றாலும் பயமில்லை. நீ என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிய கிழமையே நான் மறித்தேன். அக்கா என்றால் நீ மரியாதை தரவேணும், மச்சாள் என்றால் இரண்டு பேரும் பகிடி விடலாம், ஏசலாம் என்றேன். அன்றிலிருந்து மச்சாள். சொந்தக்காரர்கூட இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில் என் மகன் ரமணன் அங்கே தள்ளுவண்டி தள்ள வந்தான். மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன், அப்போது இருபது வயது. அவனுக்குத் தெரிந்த தமிழ் சாப்பாட்டுக்கும் ஏச்சுக்கும் மட்டும் போதும். மற்றப் பெடியள் கிற்றார் வாசிக்க, இவனும் இவனுடைய சிநேகிதன் கிரெக் என்ற வெள்ளைக்காரப் பெடியனும் இரும்பைத் தட்டிப் பதிந்துகொண்டு திரிந்தார்கள். ஒரு சின்ன டேப் ரெக்கோர்டரைத் தலையணை உறைகளுக்கு அடியில் மறைத்து, தள்ளுவண்டியை எங்கள் முழங்காலடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு வேண்டியது மெஷின் சத்தம். நாங்கள் இடையில் நின்றோம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு கராஜில் அவனும் கிரெக்கும் அதை வெட்டி ஒட்டி, எண்பது கசெட்டில் ஏற்றி, கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் ஊரூராக அனுப்பினார்கள். தங்கள் கசெட் கொம்பனிக்கு 'வெட் ஷீட்' என்று பெயர் வைத்தார்கள். ஈர விரிப்பு. ஒரு கொம்பனிக்கு வைக்கிற பெயரா இது என்று நான் கேட்டேன். ஜெர்மனியில் இருந்தும் ஜப்பானில் இருந்தும் ஆட்கள் அதைக் கேட்டு எழுதினார்கள். தொழிற்சாலைச் சத்தத்தைப் பாட்டென்று இருந்து கேட்கிற சனமும் உலகத்தில் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். நாள் முழுக்க அதற்குள் நின்று மண்டை இடிக்கிற எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்போம்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு ஹோலில் நீ இருக்கிறாய், ரமணன் பெருமையாகக் கசெட்டைப் போடுகிறான். இரைச்சல், சீறல், இரைச்சல். நடுவில் உன் குரல், கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி: "என்ர வயித்தில பிறக்கேல்லை." அதற்குப் பிறகு மறுபடியும் இரைச்சல். உன் முகத்தில் இரத்தமே இல்லை. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாய்.

அன்றிலிருந்து மூன்று வருடம் நீ என்னோடு கதைக்கவில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லி ஒன்றாம் நம்பர் மெஷினுக்கு மாறினாய். நான் ஏவித்தான் பெடியன் பதிந்தான் என்று நீ நினைத்தாய் என்று நான் நினைத்தேன். அதை நான் உனக்கு மன்னிக்கவே இல்லை. இன்றைக்கு எழுதும்போதும் கொஞ்சம் சுடுகிறது.

ரமணனிடம் அதை அழி என்றேன். ஏன் என்று கேட்டான். ஏன் என்று சொன்னால் அவனுக்கும் தெரிந்துவிடுமே. அந்தக் குரல்தான் அதிலேயே திறமான பகுதி என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனான். நான் என்ன செய்தேன்? அவன் இல்லாத நேரம், இரண்டாம் தரம் அனுப்ப வைத்திருந்த கசெட் பெட்டி முழுவதையும் தூக்கிக் குளியல் தொட்டியில் கொட்டி, கொதிதண்ணி விட்டு, உடுப்புத் தோய்க்கிற பவுடரும் போட்டு ஊறவைத்தேன். லோண்டரிக்காரிக்கு வேறு என்ன தெரியும்?

அவன் கத்தவில்லை. கிரெக்கும் அவனும் அதுகளைப் புற்றரையில் காயவைத்தார்கள். காய்ந்ததைப் போட்டுப் பார்த்தார்கள். மெஷின் சத்தம் நெளிந்து, விம்மி, செத்துச் செத்து எழும்பியதாம். அதையே "கழுவிய பதிப்பு" என்று பெயர் போட்டு விற்றார்கள். இன்றைக்கும் அந்தச் சனம் தேடித் திரிகிறது அந்தக் கழுவிய கசெட்டைத்தானாம். அந்தக் கொம்பனியை அழிக்கப் போனவள் நான். தூக்கி நிறுத்தியதும் நானே என்று கிரெக் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பான். அவன் சிரிப்பையும் நான் மறக்கவில்லை. அட்டையில் "குரல்கள்: யாரென்று தெரியாத தொழிலாளப் பெண்கள்" என்று போட்டதையும் மறக்கவில்லை. என் கையால் எத்தனை தரம் சோறு சாப்பிட்டவன். நான் யாரென்று அவனுக்குத் தெரியாதாம்.

கொம்பனி வளர்ந்தது. கராஜில் இருந்து ஹென்டர்சன் ரயில்வேக்குப் பின்னால் ஒரு வேர்க்‌ஷொப்புக்குப் போனது. கசெட் போய் சீடி வந்தது, சீடி போய் திரும்பப் பெரிய இசைத்தட்டு வந்தது. வேறு வேறு பெடியள், பெட்டைகள் எல்லாம் தங்கள் இரைச்சலைக் கொண்டுவந்து இவனிடம் கொடுத்தார்கள். பெரிய கொம்பனிகள் கேட்டும் இவன் விற்கவில்லை. அதில் மட்டும் அவன் என் பிள்ளை. ஆனால் எது வந்தாலும் அவர்கள் முதலில் பெயர் சொல்வது எங்கள் மூன்றாம் நம்பர் மெஷினைத்தான்.

லோண்டரி மூடின நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மெஷினை வெட்டி இரும்பாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வாகனத் தரிப்பிடத்தில் நின்று பார்த்தேன். நீ வந்து பக்கத்தில் நின்றாய். மூன்று வருடத்துக்குப் பிறகு நீ சொன்ன முதல் சொல்: "சத்தம் நிண்டிட்டுது மச்சாள். இனி எங்க போய்க் கதைக்கிறது?"

அதற்குப் பிறகு எல்லாம் கதைத்தோம், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

இனி இங்கே இருக்கிறவர்களுக்கு அந்த ஒன்றைச் சொல்கிறேன். துளசி தவமணி வயிற்றில் பிறந்தவள் இல்லை. தவமணியின் அக்கா புனிதத்தின் பிள்ளை. இடம்பெயர்ந்து இருந்த இடத்தில் புனிதம் காய்ச்சலில் போனபோது துளசிக்குப் பதினாலு மாதம். தகப்பன் அதற்கு முன்னமே எங்கோ போனவன், போனவன்தான். கொழும்பில் படிவம் நிரப்பினவர் பிள்ளையைக் காட்டி "மகளோ?" என்று கேட்டார். தவமணி "ஓம்" என்றாள். அந்த ஒரு ஓம் இந்த நாடு வரைக்கும் வந்தது. பிறகு திருத்த வழியில்லை, திருத்த மனமும் இல்லை.

மூன்று கிழமைக்கு முன்னர் ரமணன் வந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, என் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் அவனுடைய உயரம். அந்தப் பழைய பதிவுகளை ஒரு நூலகம் கேட்கிறதாம், அதோடு ஒரு பெரிய பெட்டியாகத் திரும்ப வெளியிடப்போகிறார்களாம். இப்போது கம்ப்யூட்டரால் இரைச்சலை ஒரு பக்கமும் குரலை ஒரு பக்கமும் பிரிக்கலாமாம். "அம்மா, இப்ப எல்லாச் சொல்லும் கேக்குது. நீங்களும் மாமியும். எனக்குத்தான் விளங்கேல்லை, என்ன சொல்றீங்க எண்டு சொல்லுங்கோ, பெட்டியோட வாற புத்தகத்தில போடோணும்" என்றான். துளசிக்கும் சொல்லியிருக்கிறான். தன் அம்மாவின் குரலைத் திவசத்தன்று எல்லோருக்கும் போட்டுக் காட்டவேணும் என்று அவள் கேட்டிருக்கிறாள். இன்னும் அனுப்பவில்லை, நான் கேட்ட பிறகு அனுப்புவதாக இருந்தான்.

ஹெட்ஃபோனைப் போட்டேன். மச்சாள், மெஷின் இல்லை. நீ என் பக்கத்தில் நிற்கிறாய், உன் மூச்சுக்கூடக் கேட்கிறது.

எனக்கு ஞாபகம் இருந்தது இதுதான்: நீ அழுதுகொண்டு உன் இரகசியத்தைச் சொன்னாய், ஒருவருக்கும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய், நான் உனக்காக அதை இத்தனை வருடம் சுமந்தேன். அப்படித்தான் நான் என்னை நினைத்திருந்தேன். எவ்வளவு நல்லவள் நான்!

டேப்பில் இருப்பது வேறு. நீ சொல்கிறாய்: "இண்டைக்கு அக்காவின்ர திதி. ஒரு விளக்குக்கூட ஏத்தேல்லை. ஏத்தினா ஆருக்கெண்டு துளசி கேப்பாள். எனக்கு ஏலாது மச்சாள், அவளுக்குச் சொல்லப்போறன். என்ர வயித்தில பிறக்கேல்லை எண்டா வெறுப்பாளோ? வெறுக்கமாட்டாள். அவள் என்ர பிள்ளை."

உடனே நான். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "உனக்கென்ன விசரே? வாய் திறந்தா விசாவும் போகும், பிள்ளையும் போகும். சாகுமட்டும் சொல்லாத. சொன்னா என்ர முகத்தில முழிக்காத."

ஒரு விரிப்பு உள்ளே போகிற நேரம் அளவுக்கு ஒன்றுமில்லை. பிறகு நீ: "சரி."

சத்தியம் வாங்கியது நானா? நீ சொல்ல நினைத்தவளா? இவ்வளவு ஞாபகம் உள்ளவளுக்கு இது மட்டும் எப்படித் திரும்பி நின்றது? அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எழும்பிப் போனது இரகசியம் வெளியில் வந்ததாலா, அல்லது உன்னை நான் அடக்கினதை நீ திரும்பக் கேட்டதாலா? மூன்று வருடமும் நீ எதற்காகக் கோபித்தாய்? நான் ஒரு தரமாவது கேட்டேனா?

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, துளசி தேத்தண்ணி வாங்கப் போயிருந்த நேரம், என் கையைப் பிடித்து நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். மூச்சு வாங்குது, பேசாமல் படு என்று சொன்னேன். அன்பால் சொன்னேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இப்போது எனக்குத் தெரியவில்லை.

ரமணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரிப்பில் இருந்த கறையைப் பற்றித்தான் கதைத்தோம் என்று முதலில் பொய் சொன்னேன். அவன் தலையாட்டினான், எழுதிக்கொள்ளக் கொப்பியை எடுத்தான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியை மூடினான். தன் வாழ்க்கை முழுவதையும் அதற்கு மேலேதான் கட்டினதாகச் சொன்னான். வேண்டுமென்றால் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிடுகிறேன், அந்த இசைத்தட்டு இனி வராது என்றான். அந்த முடிவு உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, துளசியிடம் கூட்டிக்கொண்டு போ என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் தகனினிக்குப் போனோம். துளசி பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பிவிட்டு இருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை, வளைத்திருந்தால் பாதியில் நின்றிருப்பேன். சொல்லி முடித்தேன். அவள் ஹெட்ஃபோனை வாங்கி ஒரு தரம் கேட்டாள், கழற்றினாள், திரும்பப் போட்டு இன்னொரு தரம் கேட்டாள்.

"அவவின்ர பேர் என்ன?"

புனிதம் என்றேன். அவள் அந்தப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா சொல்லப் பாத்திருக்கிறா. நீங்கள் விடேல்லை."

"ஓம்."

"விசாவுக்காகத்தானோ மாமி? அதுமட்டுமோ?"

உன் பிள்ளை உன்னை மாதிரியே கேட்கிறாள், தவமணி. அதுமட்டும் இல்லை. நீ வந்த புதிதில் உன் அகதி வழக்குக்கு நான் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ஊரிலேயே உன்னைத் தெரியும், நீ பிள்ளை பெற்றதும் தெரியும் என்று இங்கிலீஷில் யாரோ எழுதித் தந்த கடிதம். உன்னை நான் ஊரில் கண்டதே இல்லை. நீ வாய் திறந்தால் அடுத்ததாக என் கதவைத்தான் தட்டுவார்கள் என்று பயந்தேன். உன் பிள்ளை போய்விடும் என்று நான் கத்தினது என் பிள்ளையை நினைத்து. இதை உன்னிடம் சொல்லாத நான் உன் மகளிடம் சொன்னேன்.

அவள் அழவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கதவைத் திறந்து பின்வளவில் போய் நின்றாள். திரும்பி வந்து ரமணனிடம் சொன்னாள், தட்டை நிறுத்த வேண்டாம், ஆனால் மெஷின் சத்தத்தோடேயே வரட்டும், குரலைப் பிரித்தது தன்னிடம் மட்டும் இருக்கட்டும் என்று. ரமணன் அங்கேயே தன்னிடம் இருந்ததை அழித்தான். அட்டையில் இரண்டு பேருடைய பெயரையும் போடுகிறேன் என்றான். அதற்கு அவள் சரி என்றாள். புத்தகத்தில் அர்த்தம் எதுவும் வராது.

திவசத்தைப் பற்றியும் சொன்னாள். ஐயர் பெயர் கேட்கும்போது உன் பெயருக்குப் பக்கத்தில் புனிதத்தின் பெயரையும் சொல்லப்போகிறாளாம். இரண்டு பேருக்கும் தாய் என்று சொல்ல அம்மம்மாவின் பெயர் ஒன்றுதானே மாமி என்று கேட்டாள். ஓம் என்றேன். அவளுக்கு அது ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதோ, உண்மையோ, நான் இனி என் கண்ணையும் நம்பமாட்டேன்.

விசாப் பேப்பர் விஷயத்தை இந்த இரண்டு கிழமையில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டாளாம். அது தன் பாடு, நீங்கள் இனிமேல் அதைச் சாட்டாக வைக்க வேண்டாம் என்று ஃபோனில் சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் கதைத்தது ஒரே ஒரு தரம். அது இந்தக் கடிதத்துக்காக.

"மாமி, அம்மாவுக்கு எழுதுங்கோ. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதால நீங்களே எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு வாசிக்கோணும். உங்கட பங்கை விடக்கூடாது."

அது தண்டனையா, அழைப்பா? நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும், நீ அவளை வளர்த்தவள்.

தவமணி, அன்றைக்கு நான் எழும்பி நிற்பேன். கதிரை கேட்கமாட்டேன். உன் வாயை மூடின என் சொற்களை, டேப்பில் இருக்கிற மாதிரியே, ஒன்றும் குறைக்காமல் வாசிப்பேன். வாசித்து முடிய துளசி என்னைப் பக்கத்தில் இருத்தினாலும் சரி, இனி இந்தப் பக்கம் வராதேயுங்கோ என்று சொன்னாலும் சரி, அவளில் நான் ஒரு குறையும் பிடிக்கமாட்டேன். யாரையும் மன்னிக்காத நான் இதை உனக்கு எழுதித் தருகிறேன். அவள் எவ்வளவு நாள் என்னோடு கதைக்காமல் இருக்கிறாளோ, அவ்வளவு நாளும் அது அவளுடைய நியாயம்.

உன்னைச் சொல்லவிடாத,
உன் மச்சாள்
பரமேஸ்வரி